ஷார்ஜா போகிற பல் டாக்டர்

பிப்ரவரி 22, செவ்வாய்

தோற்றேன்.

இதற்குமேல் இன்று எழுதக் கூடாது என்றுதான் பேனாவை மூடினேன். முடியவில்லை. ஆறாவது வார்டு முழுவதும் சேர்த்து எனக்கு நாற்பத்தொரு ஓட்டு. ஜெயித்த தளவாய்க்கு எத்தனை என்று எழுத மாட்டேன். இந்த டைரி பற்பசைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்ததுதான். ஆனாலும் அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

நான் கேட்ட சின்னம் புத்தகம். கிடைத்தது பல் விளக்கும் பிரஷ். "பல் டாக்டருக்குப் பிரஷ்ஷு, பொருத்தமா அமைஞ்சிட்டுல்லா சார்" என்று சிரித்த அதிகாரியின் முகத்தை நினைவில் வைத்திருக்கிறேன். தளவாய்க்குத் தண்ணீர்க் குழாய். ஒரு குடத்துக்கு ஒரு தெரு தாண்டி அலையும் ஊரில் குழாயைக் காட்டினால் பிரஷ்ஷை எவன் பார்ப்பான்? எட்டாம் வகுப்பில் லீடர் தேர்தலிலும் இதையேதான் செய்தான். நான் பேசினேன். அவன் கொடுக்காப்புளி கொடுத்தான்.

மிகவும் உறுத்துவது எங்கள் தெரு வாக்குச்சாவடி. அங்கே எனக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. நானும் என் மனைவி செண்பகமும் அங்கேதான் ஓட்டுப் போட்டோம். ஆக, குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இயந்திரம் ஒன்றைத் தின்றுவிட்டது என்பது தெளிவு. செண்பகத்திடம் சொன்னேன்.

"ஆமாங்க, மிசின்தானே" என்று ரசத்துக்குத் தாளித்தாள்.

எண்ணிக்கை மையத்து வாசலில் லோக்கல் கேபிள்காரன் மைக்கை நீட்டியதும் இன்று நடந்தவற்றில் ஒன்று. "படித்தவனுக்கு இடமில்லாத நாட்டில் இனி நான் இருக்க மாட்டேன்" என்றேன். நல்ல வாக்கியம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எந்த நாட்டுக்கு சார் போறீங்க?" என்று கேட்டுவிட்டான். வாயில் வந்தது ஷார்ஜா.

பிப்ரவரி 23, புதன்

கேபிளில் மறுபடி மறுபடி போடுகிறார்கள். இன்று வந்த முதல் நோயாளி வாயைத் திறந்தது பல்லைக் காட்ட அல்ல. "எப்போ சார் ஷார்ஜா?" என்று கேட்க.

மரியபுஷ்பம் என் கிளினிக் திறந்த நாளிலிருந்து உதவிக்கு இருப்பவள். நோயாளிகளுக்கு என்னைவிட அவளிடம் பயம் அதிகம். "டாக்டர், என்னையும் கூட்டிட்டுப் போவியளா, இல்ல நான் வேற எடம் பாக்கணுமா?" என்று கேட்டாள்.

"பார்க்கலாம்" என்றேன்.

"அப்போ போவ மாட்டிய" என்று பஞ்சு அடுக்கப் போய்விட்டாள்.

இந்த அலட்சியம்தான் இந்த ஊர். அங்கேயே முடிவெடுத்து, மதியம் பெஞ்சமினுக்குப் போன் போட்டேன். பல் மருத்துவக் கல்லூரியில் என் அறையில் இருந்தவன். தங்கப் பதக்கம் எனக்கு. ஷார்ஜாவில் மூன்று கிளினிக் அவனுக்கு. உலகம் இப்படித்தான் நடத்தப்படுகிறது.

"ஏ கோமதி, நெசமாவா? வா மக்கா! நாலாவது கிளினிக் தொறக்கப் போறேன், ஒனக்குத்தான் அந்தச் சேர். சம்பளத்துல வருமான வரின்னு ஒத்தப் பைசா பிடிக்க மாட்டான்."

"தேர்தல்?"

"நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இங்க ஓட்டே கெடையாது. நீ நிக்கவும் முடியாது, தோக்கவும் முடியாது."

இவ்வளவு நாகரிகமான ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை. மே பதினாறுக்குள் உறுதி சொல்ல வேண்டுமாம். அதற்குப் பிறகு வேறு ஆளைப் போட்டுவிடுவான். அங்கே தகுதித் தேர்வு ஒன்று எழுத வேண்டும். பழைய புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒன்றில் பல்லி முட்டை.

பிப்ரவரி 26, சனி

பக்கத்து வீட்டு வடிவு மைனி காலையிலேயே ஒரு பையோடு வந்தார். அவர் மகன் மந்திரம் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்.

"தம்பி, மந்திரத்துக்கு மிதுக்கு வத்தலும் சுண்ட வத்தலும். அரக் கிலோதான்."

தூக்கிப் பார்த்தேன். அரைக் கிலோ என்பது எங்கள் ஊரில் ஓர் எடை இல்லை, ஒரு பணிவு.

"இன்னும் ஒன்னும் முடிவாகலை மைனி."

"அதனால என்ன? முடிவானதும் சொல்லுங்க, இட்லிப் பொடி இடிச்சுத் தாரேன். அது சூடு ஆறுறதுக்குள்ள போணும்லா."

போகும்போது வலது கடைவாயைத் தடவிக்கொண்டார். நான் கட்டிக்கொடுத்த பல் செட்டில் ஒரு பக்கம் உரசுகிறது. "உட்காருங்க" என்று கூடத்திலேயே பார்த்தேன். கொஞ்சம் ராவ வேண்டும். திங்களன்று கிளினிக்குக்கு வரச் சொன்னேன்.

மார்ச் 4, வெள்ளி

கவுன்சிலர்கள் கூடித் தளவாயைச் சேர்மன் ஆக்கிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பந்தலும் பாத்திரமும் பிளாஸ்டிக் சேரும் வாடகைக்கு விடுகிறவன் நகராட்சித் தலைவர். இந்த ஊரில் அவன் பந்தலுக்குக் கீழே தாலி கட்டாதவன் இல்லை. என் கல்யாணம் உட்பட. அப்போதும் என் மாமனார் சொன்ன அளவைவிடச் சின்னப் பந்தல்தான் போட்டான்.

சாயங்காலம் வரை ஒரு நோயாளியும் இல்லை. எல்லாரும் நகராட்சி வாசலில் கேசரி தின்னப் போய்விட்டார்கள். கேசரி பல்லுக்குக் கேடு. நாளை வருவார்கள்.

மார்ச் 5, சனி

வந்தார்கள்.

மார்ச் 13, ஞாயிறு

செய்தி பரவிவிட்டது. இந்த ஊரில் ஷார்ஜாவில் மகனோ மருமகனோ இல்லாத வீடு எதுவென்று கண்டுபிடிப்பது கடினம் போலிருக்கிறது. மேலத்தெருவிலிருந்து கருப்பட்டி. மருந்துக்கடைக்காரரிடமிருந்து மஸ்கோத் அல்வா, நெய் இல்லாமல் தேங்காய்ப்பாலில் கிண்டியது, கெடாதாம். தபால்காரர் தங்கை மகனுக்கு மாவடு, ஜாடியோடு. எல்லாம் அரைக் கிலோ.

மீன்கடை அந்தோணிசாமியின் மருமகனுக்குக் கருவாடு. "நல்லாக் கட்டிருக்கேன் சார், வாசனையே வராது" என்றார். வருகிறது. விருந்தினர் அறையில் வைத்தோம். தெருவிலுள்ள பூனைகள் எல்லாம் இப்போது எங்கள் ஜன்னல் விளிம்பில்தான் குடியிருக்கின்றன.

"திருப்பிக் கொடுத்துவிடுவோமா?" என்று செண்பகத்திடம் கேட்டேன்.

"நீங்க போறதுன்னா கொண்டு போவணும். போகலைன்னா திருப்பிக் குடுக்கணும். எது?"

இப்படி நேரடியாகக் கேள்வி கேட்பது அவள் வழக்கம் இல்லை. படிக்க வேண்டியிருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 5, செவ்வாய்

ஊரை விட்டுப் போக நான் தேடிய காரணம் கிடைத்துவிட்டது. சொத்து வரி ஏறுகிறது. வீட்டுக்கு ஒரு மடங்கு. கிளினிக் கட்டடம் வணிகப் பயன்பாடாம், அதற்கு இன்னும் அதிகம். பல் பிடுங்குவது வணிகமா? அப்படியானால் லாபம் எங்கே?

பதினோரு வருடமாக மனுப் போடுகிறேன். கிளினிக் வாசல் வாய்க்கால் சாலையைவிட மேடு. ஐப்பசியில் மழை பெய்தால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போவதில்லை, என்னிடம் வருகிறது. நோயாளிகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பல் காட்டியிருக்கிறார்கள். அதற்கு ஒரு பதில் இல்லை. வரிக்கு மட்டும் ஆள் வீடு தேடி வருகிறான்.

இப்போது யாரும் என்னைக் கோபக்காரன் என்று சொல்ல முடியாது. காரணம் இருக்கிறது. பெஞ்சமினுக்கு "அநேகமாக வருகிறேன்" என்று செய்தி அனுப்பினேன். "அநேகமாக"வை எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பு என்கிறான்.

ஏப்ரல் 14, வியாழன்

சித்திரை முதல் நாள். செண்பகம் வேப்பம்பூப் பச்சடி வைத்தாள். நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நன்றாக இல்லை. காலையில் தெருமுனைக்குப் போனால் என் முகம் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஃப்ளெக்ஸ். "ஷார்ஜா செல்லும் எங்கள் பல் டாக்டர் கோமதிநாயகம் அவர்களே! சென்று வருக! வென்று வருக!" தோற்றவனிடம் வென்று வா என்கிறார்கள். தேர்தல் நோட்டீஸில் பிரஷ் பிடித்து நின்ற அதே படம். பிரஷ்ஷை வெட்டக்கூட இல்லை. மேலே என்னைவிடப் பெரிதாகத் தளவாய், வழக்கம் போல் வாயை இறுக்கி மூடியபடி. இவன் எந்தப் படத்திலும் சிரித்ததில்லை. மேல்வரிசை முன்பற்கள் தூக்கல். உதடு போதாது. எட்டாம் வகுப்பிலிருந்தே கவனித்து வருகிறேன். எளிதாகச் சரி செய்யக்கூடிய பற்கள். கேட்கவேண்டியவன் கேட்டதில்லை.

உபயம்: தளவாய் பந்தல் ஸ்டோர்.

மே எட்டாம் தேதி வழியனுப்பு விழாவாம், நம் தெருவிலேயே. என்னிடம் யாரும் கேட்கவில்லை. சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று.

திரும்பி வந்தால் மல்லிகைத் தொட்டிகளை வடிவு மைனி வீட்டு மதிலுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள் செண்பகம்.

"என்ன செய்யற?"

"நாம போயிட்டா தண்ணி ஊத்த ஆளு வேணும்லா. இப்பவே பழகட்டும்."

"நீ... உனக்குச் சம்மதம்தானா?"

"நீங்க எங்க போனாலும் வாரேன். அதுல என்ன இருக்கு?" என்று தொட்டியைத் தூக்கினாள். முகம் தொட்டிக்குப் பின்னால் இருந்தது.

கடைசித் தொட்டியை நான் அவளை எடுக்க விடவில்லை. கனமாக இருந்தது என்பதால்.

ஏப்ரல் 17, ஞாயிறு

கிளினிக் நாற்காலியை விலைக்குப் பார்க்கத் தென்காசியிலிருந்து ஓர் இளம் டாக்டர் தம்பதி வந்தார்கள். நாற்காலி என்றால் வெறும் நாற்காலி இல்லை. விளக்கு, துளைக்கும் மிஷின், எச்சில் தொட்டி எல்லாம் சேர்ந்த முழு செட். நல்ல பிள்ளைகள். பார்த்தவுடனே பிடித்துவிட்டது அவர்களுக்கு.

விற்கிறவன் நேர்மையாக இருக்க வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் சொன்னேன். சாய்க்கும்போது ஒரு சத்தம் வரும். விளக்கு மழைக்காலத்தில் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் எரியும். கால் மிதியை இடது பக்கமாக ஓர் எத்து எத்தினால்தான் எழும்பும், அதுவும் என் கால் என்றால்தான். உதிரிப் பாகம் செய்த கம்பெனி மூடிவிட்டது.

"போன வாரம்தானே டாக்டர் ஒரு பார்ட் மாத்துனோம்?" என்றாள் மரியபுஷ்பம்.

"அது வேறு பார்ட்."

அந்தப் பெண் தன் கணவனைப் பார்த்தாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உண்மையைத் தாங்கும் சக்தி இல்லை.

ஏப்ரல் 25, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

மதியம், நோயாளிகள் இல்லாத நேரம். வாசலில் நகராட்சி ஜீப். தளவாய் இறங்கினான். தோளில் கிடக்க வேண்டிய துண்டு தாடையைச் சுற்றிக் கட்டியிருந்தது. இடது கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

"என்ன சேர்மன், வரி வசூலா?" என்றேன்.

"கோமதி, செத்துருவேன்வே" என்றான்.

"தென்காசிக்குப் போயிருக்கலாமே? பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கு."

"நீரு இருக்கும்போது நான் எதுக்குவே தென்காசிக்குப் போணும்?"

மரியபுஷ்பம் நான் சொல்லும் முன்பே நாற்காலியைச் சாய்த்துவிட்டாள். அது சத்தம் போடவில்லை.

கீழ்க் கடைவாய்ப் பல். சீழ் கட்டியிருந்தது. மரப்பு ஊசி போட்டேன். வாயைத் திறந்து வைக்கும் கட்டையைக் கொடுத்தேன், பஞ்சை வைத்தேன், எச்சில் உறிஞ்சும் குழாயைத் தொங்கவிட்டேன். இப்போது அவன் வாயில் ஒரு குழாய் இருந்தது, அவன் சின்னம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த ஊரில் ஒரு சேர்மன் பதில் பேச முடியாமல் குடிமகன் சொல்வதைக் கேட்கக்கூடிய ஒரே இடம் இதுதான் என்று.

"வரிய ஏத்துறதுக்கு முன்னால வாய்க்கால வெட்டியிருக்கணுமா வேண்டாமா?"

"ஆ..."

"பதினோரு வருசமா நான் எழுதுன மனுவ யாராவது படிச்சாங்களா?"

"ஆ... ஆ..."

"பல் டாக்டரு வணிகமா? உம்ம பந்தல் குடோன் வணிகமா?"

"ஆஆ!" இது வலி. கொஞ்சம் மெதுவாகச் செய்தேன்.

சாலைக்கும் வாய்க்காலுக்கும் உள்ள மட்டம், தெருவிளக்கு, குப்பை வண்டி வரும் நேரம், எட்டாம் வகுப்புக் கொடுக்காப்புளி, எல்லாம் சொன்னேன். சீழ் முழுவதும் வடிந்தது. இவ்வளவு திருப்தியாக நான் எந்த மேடையிலும் பேசியதில்லை.

பஞ்சை எடுத்ததும் ஒரு பக்கம் கோணிய வாயோடு பேசினான். "வரி இல்லாம வாய்க்கால எதவச்சுவே வெட்டுறது? என் பந்தலக் கழட்டி மூடவா? மொத வேலையே ஒம்ம தெரு வாய்க்கால்தான். டெண்டர் விட்டாச்சு. அதச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன், நீரு பஞ்ச வச்சு அடச்சிட்டீரு."

இன்னும் இரண்டு சிட்டிங் வர வேண்டும் என்றேன்.

"விழா எட்டாந்தேதி. அதுக்குள்ள வாயி சரியாயிருமாவே? பேசணும்லா, ஒம்மப் பத்தி."

ஏப்ரல் 29, வெள்ளி

வாய்க்கால் தோண்டுகிறார்கள். எனக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை, நான் ஊரை விட்டுப் போகிறவன். இருந்தாலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மட்டம் மறுபடியும் தப்பு. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒத்துக்கொண்டு இடித்துவிட்டுப் போட்டார். நாளைக்கும் ஒரு குடம் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

தகுதித் தேர்வுக்கு இன்று படிக்கவில்லை. குடம் தூக்கித் தோள் வலி.

மே 8, ஞாயிறு

விழா நடந்தது. தெரு அடைத்துப் பந்தல். என் கல்யாணத்துக்குப் போட்டதைவிடப் பெரியது. வாடகை வாங்கவில்லை என்று தளவாய் மைக்கில் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு மாலை. செண்பகத்துக்குச் சேலை. தளவாய் பேசினான். சீழ் போனபின் குரல் தெளிவு. "எட்டாங்கிளாஸ்ல லீடர் எலெக்சன்ல நான் செயிச்சேன். ஆனா கணக்குப் பரீச்சைக்குப் பூராப் பயலும் யாருகிட்டப் போனான்? கோமதிகிட்ட. நானும் போனேன். காட்ட மாட்டேன்னுட்டான்!" கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. காட்டாதது சரிதான்.

பிறகு வடிவு மைனி மைக்கைக் கேட்டார். வாழ்நாளில் மைக் பிடித்திராதவர். அதை வாய்க்குள் போட்டுக்கொள்வார் போலப் பக்கத்தில் பிடித்தார்.

"தம்பிகிட்ட ஒன்னு சொல்லணும். எலெக்சனுக்கு மொத நா சாயந்தரம் எங்க தெருப் பொம்பளைக பூராவும் எங்க வீட்டுல கூடிப் பேசுனோம். டாக்டரு செயிச்சா முனிசிபாலிட்டிக்குப் போயிருவாக. மீட்டிங்கு, கலெக்டரு ஆபீசு, மெட்ராசுன்னு அலைவாக. பெறவு நம்ம பல்ல யாரு பாக்க? தளவாய்க்குப் பல்லுப் புடுங்கத் தெரியுமா? அவன் பந்தலு போடுத பய. அவன் போனா ஊருக்கு ஒரு நட்டமும் இல்ல. அதனால ஒருத்தரும் பிரஷ்ஷுக்குப் போடக் கூடாதுன்னு முடிவு பண்ணோம்."

தளவாய்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான், கையால் வாயை மறைத்துக்கொண்டு.

"நாங்க ஓட்டுப் போடாதது நீங்க போயிரக் கூடாதுன்னு தம்பி. நீங்க என்னடான்னா அதுக்கே கோவிச்சுக்கிட்டு ஏரோப்பிளேன் ஏறுதேங்கிய. இது என்ன நியாயம்?" மைனி மைக்கை வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பல் செட் உரசவில்லை என்பதைக் கவனித்தேன்.

தெருப் பெண்கள் முழுவதும். நான் திரும்பிச் செண்பகத்தைப் பார்த்தேன். அவள் பாயச வாளியை ஒரு முறை கலக்கிவிட்டு, இன்னொரு முறையும் கலக்கினாள்.

என்னைப் பேசச் சொன்னார்கள். தேர்தலுக்கு எழுதி வைத்த உரை எனக்கு இன்னும் மனப்பாடம். எழுந்து நின்றேன். "சாப்பிட்டதும் எல்லாரும் வாய் கொப்பளிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. பிரசாரத்தில் ஒரு நாளும் எனக்கு அப்படி விழுந்ததில்லை.

மே 9, திங்கள்

செண்பகத்திடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

மே 12, வியாழன்

நேற்றிரவு கோடை மழை. ஓடிப்போய்ப் பார்த்தேன். கிளினிக் வாசல் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் தானாகவே வாய்க்காலில் ஓடுகிறது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். குடை கொண்டுபோகாததால் நனைந்துவிட்டேன். மேஸ்திரி தனியாக இதைச் செய்திருக்க முடியாது.

வரியைக் கட்டினேன். மறுப்பு மனுவையும் கொடுத்தேன். இரண்டும் வேறு வேறு விஷயம்.

மே 16, திங்கள்

இன்றுதான் பெஞ்சமினுக்குச் சொல்ல வேண்டிய நாள்.

காலையில் தளவாய்க்குக் கடைசி சிட்டிங். பல்லுக்கு உறை போட்டு முடித்தேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டான். எழுந்திருக்கவில்லை. மரியபுஷ்பம் வெளியே போகக் காத்திருந்தான். அவள் போகவில்லை.

"முன்பல்லு இருக்குல்லாவே" என்றான் கடைசியில். "அதுக்கு எதும் பண்ண முடியுமா? போட்டோவுல வாய மூடி மூடி மொகமே வலிக்கி. பேரப்பய கேக்கான், தாத்தா நீ எப்பவும் ஏன் கோவமா இருக்கன்னு."

"இத எட்டாங்கிளாஸ்லயே கேட்டிருக்கலாம்."

"அப்ப நீரு டாக்டர் இல்லயேவே."

வாயைத் திறக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தேன். எலும்பு நன்றாக இருக்கிறது. இந்த வயதில் இவ்வளவு நல்ல எலும்பு எனக்கே இல்லை. ஒவ்வொரு பல்லும் எங்கே போய் நிற்க வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும்.

"கம்பி போடணும். மாசம் ஒருக்கா வந்து முறுக்கிக்கிடணும். கடலை மிட்டாய், முறுக்கு எல்லாம் தொடக் கூடாது."

"எத்தன மாசம்?"

"ரெண்டு வருசம். அதுக்குப் பெறகும் கொஞ்ச நாள் நான் பாக்கணும்."

மரியபுஷ்பம் கையிலிருந்த தட்டை வைத்தாள். "சேர்மன் மாசா மாசம் ஷார்ஜாவுக்கா டாக்டர் வரணும்?"

"பேசாம அச்சு எடுக்கிற மாவக் கலக்கு."

தளவாய் வாயில் மாவோடு அண்ணாந்து படுத்திருந்தான். கண் மட்டும் சிரித்தது. போகும்போது வாசலில் நின்று, "தெருமுனை ஃப்ளெக்ஸக் கழத்திரச் சொல்லவாவே?" என்றான். காற்றில் கிழிந்து தொங்குகிறது, பார்க்க நன்றாக இல்லை, கழற்றலாம் என்றேன்.

பெஞ்சமினிடம் நிலைமையை விளக்கினேன். நாற்காலிக்கு இன்னும் ஆள் அமையவில்லை. ஒரு நோயாளிக்குச் சிகிச்சை ஆரம்பித்தாயிற்று. பாதியில் விட்டுவிட்டு வருவது நம் தொழிலுக்கு அழகல்ல. இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம்.

"யாரு அந்த நோயாளி?" என்றான்.

சொன்னேன். கடல் தாண்டி அவன் சிரித்த சத்தத்தில் மரியபுஷ்பமும் சிரித்துவிட்டாள்.

போக மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. இதை இங்கே பதிவு செய்கிறேன்.

மதியம் வீட்டுக்கு வந்தால் மல்லிகைத் தொட்டிகள் பழைய இடத்தில் இருந்தன. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் பைகள் எல்லாம் பிரிந்து கிடந்தன. கருவாட்டை மட்டும் அந்தோணிசாமி காலையிலேயே வந்து எடுத்துப் போய்விட்டாராம். பூனைகள் வழியனுப்பப் போயிருக்கின்றன.

"மிதுக்கு வத்தல் மந்திரத்துக்குக் குடுத்ததுல்லா?"

"மைனிதான் பிரிச்சு வறுக்கச் சொன்னாங்க. வச்சிருந்தா நமத்துப் போகுமாம்."

யார் சொல்லி மைனிக்குத் தெரிந்தது என்று கேட்கவில்லை. நான் பெஞ்சமினிடம் பேசியது பதினொரு மணிக்கு. இந்த ஊரைப் பற்றி நான் சொல்லும் புகார்களில் இதுவும் ஒன்று.

சாப்பிட உட்கார்ந்தேன். "அடுத்த தடவை நின்னா புத்தகம் சின்னம்தான் கேக்கணும்" என்றேன்.

"நில்லுங்க" என்றாள் செண்பகம்.

"அப்பவும் மிசின் ஒரு ஓட்டத் தின்னுட்டா?"

வத்தலை அள்ளி எண்ணெயில் போட்டாள். பொரிகிற சத்தத்தில் நான் கேட்டது அவளுக்குக் கேட்டிருக்காது. நன்றாகவே பொரிந்திருந்தது. மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.